வடம் பிடித்த கும்பினி

அச்சரப்பாக்கத்தை அச்சிறுபாக்கம் என்றும் எழுதுவார்கள். அச்சு இற்ற பாக்கம் அது. முப்புரம் எரிக்கத் தேரேறிய சிவபெருமான் பிள்ளையாரை வணங்காமல் புறப்பட்டுவிட்டார், அதனால் தேரின் அச்சு இங்கே முறிந்தது என்கிறது தலபுராணம். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தொண்டைநாட்டுத் தலங்களில் ஒன்று இது. கோயில் கொண்டிருக்கும் சுவாமிக்குப் பெயர் ஆட்சீஸ்வரர். பெயரிலேயே ஆட்சி இருக்கிறது. கடவுளே ஆனாலும் முதல் வணக்கத்தை மறந்தால் வண்டி ஓடாது என்று சொல்லும் இந்தக் கதை, நம் ஊர்களில் எந்தக் காரியத்தையும் தொடங்கும்போது மனத்துக்குள் எழும் அச்சத்தின் வடிவம். கடைக்கணக்கில் பிள்ளையார் சுழி போடுவதும், கடைக்கால் தோண்டும் முன் தேங்காய் உடைப்பதும் அந்த அச்சத்திலிருந்து வந்தவைதாம். வீட்டுக்கும் கடைக்கும் இது பொருந்தும். ஆனால் காரியத்தைத் தொடங்குவது அரசாங்கமாக இருந்தால், அது யாரை வணங்கித் தொடங்க வேண்டும்? இந்தக் கேள்வி டெல்லியில் அரசியல் சட்டம் எழுதியவர்களோடு பிறந்தது என்று நினைக்கிறோம். இதே செங்கல்பட்டுச் சீமையில் அது இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டிருக்கிறது. அந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று. சண்டை ஒருபோதும் கடவுளின் பெயரைப் பற்றியதாக இருந்ததில்லை. அந்தப் பெயரைச் சொல்லும்படி, அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கும்படி, யார் யாரைக் கட்டாயப்படுத்தலாம் என்பதே சண்டை.

சோழர் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை ஊராட்சித் தேர்தலின் தொல்சான்று என்று கொண்டாடுகிறோம். அந்தத் தேர்தல் எப்படி நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஊரிலிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசை செய்வோர், ஒருவர் விடாமல் சபை கூடும் மண்டபத்துக்கு வந்திருக்க வேண்டும். அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன். மாபாதகம் செய்தவர்களுக்குப் போட்டியிடும் தகுதி இல்லை. கோயிலும் ஊராட்சியும் ஒரே மண்டபம், ஒரே கூட்டம். கொடைக் கல்வெட்டுகளின் முடிவில் வரும் சாபங்களும் அப்படித்தான்: இந்தத் தர்மத்துக்குத் தீங்கு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது, நூறாண்டு கழித்து ஆளப்போகிற, பெயர் தெரியாத ஒருவனுக்கு விடப்பட்ட எச்சரிக்கை. காவல்துறையும் பதிவு அலுவலகமும் இல்லாத காலத்தில் ஓர் ஆணைக்கு ஆயுள் கொடுக்கக் கூடியது தெய்வ பயம் ஒன்றுதான். இதைச் சுட்டிக்காட்டி, நம் மரபில் அரசும் மதமும் பிரிந்ததே இல்லை, இப்போது மட்டும் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஏற்பாடு ஊரார் அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதே அதற்குப் பதில். உத்திரமேரூர்ச் சபை பிராமணர்களின் சபை. குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் வேண்டும். ஒரே வகையினர் கூடிய சபையில் ஒரே தெய்வ மொழி யாருக்கும் உறுத்தாது. எல்லாரும் உள்ளே வந்த பிறகுதான் அது உறுத்தத் தொடங்குகிறது.

ஆளுகிறவனும் ஆளப்படுகிறவர்களும் வேறு வேறு மதத்தவர்களானபோது என்ன நடந்தது என்பதற்கு அச்சரப்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சான்று இருக்கிறது. ஆற்காட்டு நவாபு முகமது அலி 1763-இல் கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, கொடுத்த சீமைதான் பிற்பாடு செங்கல்பட்டு ஜாகீர் எனப்பட்டது. 1794 முதல் சில ஆண்டுகள் அதற்குக் கலெக்டராக இருந்தவர் லயோனெல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரை மழைக்கு மழை உடைந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு கரை நின்றால் தாயார் சன்னதி கட்டித் தருவதாக அவர் வேண்டிக்கொண்டார், கொட்டும் மழையில் கரையைப் பார்க்கப் போனவருக்கு வில்லும் கையுமாக ராமனும் லட்சுமணனும் காவல் நிற்பது தெரிந்தது என்று ஏரி காத்த ராமர் கோயிலில் இன்றும் சொல்கிறார்கள். அந்தக் காட்சி நம்பிக்கைக்கு உரியது. ஆனால் ஜனகவல்லித் தாயார் மண்டபத்தில், அந்தத் தர்மம் கும்பினி ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையுடையது என்று சொல்லும் கல்வெட்டு கண்ணால் படிக்கக் கூடியது. ஒரு கிறித்தவர், ஒரு வணிகக் கும்பினியின் வரி வசூல் அதிகாரி, சோழன் நின்ற இடத்தில் நின்று சோழனைப் போலவே கல்லில் பெயர் பொறித்துக்கொண்டார். காஞ்சிபுரத்தில் நின்றுபோயிருந்த கோயில் நிர்வாகத்தையும் விழாக்களையும் அவர் தம் கைக்குள் கொண்டுவந்தார். இதை வெறும் தந்திரம் என்று தள்ள எனக்கு மனமில்லை. உழவர்கள் மதிக்கும் கோயிலை மதிக்காத அரசு உழவர்களிடம் வரி கேட்க முடியாது என்பதை ஜாகீரின் ஒவ்வொரு ஊரையும் அறிந்த அந்த மனிதர் புரிந்துகொண்டிருந்தார். ஏரியும் கோயிலும் குடிகளும் ஒரே கணக்கில் வருபவை என்பது அவர் கண்டது. அது சரியான பார்வைதான்.

ஆனால் மதிப்பது என்பது அதிகாரியின் கையில் போனதும் வேறொன்றாக மாறியது. 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில்கள், மசூதிகளின் அறக்கட்டளைகளை எல்லாம் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. கலெக்டரும் தாசில்தாரும் தேர்த்திருவிழாவுக்குப் பொறுப்பாளிகள் ஆனார்கள். தேர் நிலைக்கு வராமல் நடுத்தெருவில் நின்றால் அது சர்க்காரின் தோல்வி. ஆகவே வடம் பிடிக்க ஆள் சேர்ப்பது சர்க்கார் வேலையாயிற்று. சேவகர்கள் வயலிலிருந்து ஆட்களைப் பிரம்போடு ஓட்டி வந்தார்கள் என்பது அந்தக் காலத்து மனுக்களிலும் பாதிரிமார் கடிதங்களிலும் திரும்பத் திரும்ப வரும் குறை. பக்தியோடு தொடுகிறவனுக்கு வடம் புண்ணியம். பிரம்புக்குப் பயந்து தொடுகிறவனுக்கு அதுவே வெட்டி வேலை. பட்டாளத்துச் சிப்பாய்களும் அதிகாரிகளும் திருவிழாக்களில் அணிவகுத்து நின்றார்கள். பீரங்கி மரியாதை முழங்கியது. 1836-இல் சென்னையின் முதல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் காரி வழியாக, பாதிரிமாரும் படை, சிவில் அதிகாரிகளும் கையொப்பமிட்ட மனு ஒன்று அரசுக்குப் போனது. தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாத வழிபாட்டில் பங்கெடுக்கத் தம்மைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது கோரிக்கை. சென்னை அரசு முகம் கொடுக்கவில்லை. சென்னைப் படையின் தலைமைத் தளபதி பெரிகிரின் மெய்ட்லண்ட் 1838-இல் இதற்காகவே பதவி விலகினார். அதன் பிறகு கும்பினி பின்வாங்கத் தொடங்கியது. 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டத்தோடு கோயில் நிர்வாகம் உள்ளூர்க் குழுக்களிடம் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. மனு எழுதியவர்களின் நோக்கம் தூய நடுநிலை அல்ல. இந்து வழிபாட்டைப் பிழை என்று கருதியவர்கள் அவர்கள். தங்கள் மதத்துக்கு அரசின் தயவு கிடைத்தால் மறுத்திருக்க மாட்டார்கள். நோக்கம் எதுவானாலும் அவர்கள் கைவைத்த இடம் சரியான இடம். இந்துக் குடியானவனையும் கிறித்தவத் தளபதியையும் ஒரே வடம் பிணைத்திருந்தது. இருவருக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லை.

இதே ஆண்டுகளில், இதைவிட அமைதியாக, நீதிமன்றக் கூண்டில் இன்னொரு மாற்றம் நடந்தது. சாட்சி சொல்ல வரும் இந்துவின் கையில் கங்கை நீரும் துளசியும் கொடுத்தும், முஸ்லிமின் தலைமீது குர்ஆனை வைத்தும் சத்தியம் வாங்குவது கும்பினி நீதிமன்ற வழக்கம். கிறித்தவர் அல்லாதவரின் சத்தியம் செல்லும் என்பதையே 1744-இல் லண்டனில் ஒமிசந்த் எதிர் பார்க்கர் வழக்கில்தான் ஆங்கிலச் சட்டம் ஒப்புக்கொண்டிருந்தது. அந்த விட்டுக்கொடுத்தலே ஒரு நூற்றாண்டுக்குள் கட்டாயமாக இறுகிவிட்டது. மானமுள்ள பலர் கங்கை நீரைத் தொட்டுச் சத்தியம் செய்வதைக் குடும்பத்துக்கே கேடு என்று அஞ்சினார்கள். அதைவிட வழக்கில் தோற்பது மேல் என்று இருந்தார்கள். 1840-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் தன் முகப்புரையிலேயே இதை ஒப்புக்கொள்கிறது: மனச்சாட்சிக்கும் உணர்வுக்கும் ஒவ்வாத முறைகளில் சத்தியம் செய்யுமாறு மக்கள் கட்டாயப்படுத்தப்படுவதால் நீதிக்கு இடையூறு நேர்கிறது என்று. அதற்குப் பதிலாக, எல்லாம் வல்ல கடவுள் முன்னிலையில் உறுதி கூறும் ஒரு வாசகம் வந்தது. கவனிக்க வேண்டியது, மனச்சாட்சியைக் காட்டி அன்று மத மொழியிலிருந்து விடுதலை கேட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர். ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர்கள். அரசின் சடங்கில் கடவுளை இழுக்காதே என்று சொல்வது கடவுள் மறுப்பின் குரல் மட்டுமே என்று இன்றும் பலர் நினைப்பதற்கு இந்தச் சட்டமே போதுமான மறுப்பு. 1873-இலும் 1969-இலும் வந்த சட்டங்கள் அந்த வாசகத்தை மேலும் தளர்த்தின. இன்று கூண்டில் ஏறுகிறவர் கடவுள் பெயரால் சொல்லலாம், அல்லது உளமார உறுதி கூறலாம்.

அரசியல் நிர்ணய சபை இதே பாதையில்தான் போனது. குடியரசுத் தலைவரின் பதவியேற்பு உறுதிமொழியில் கடவுள் பெயர் வர வேண்டும் என்று 1948 டிசம்பரில் எச்.வி. காமத்தும் மகாவீர் தியாகியும் வலியுறுத்தினார்கள்; அம்பேத்கர் ஏற்றார். அதே வழியில்தான் மற்றப் பதவிகளுக்கான மூன்றாம் அட்டவணையிலும் பின்னக் கணக்குப் போல ஒரு கோட்டுக்கு மேலே ‘கடவுள் பெயரால் ஆணையிட்டு’ என்ற பொருளிலும், கீழே ‘உளமார உறுதியாக’ என்ற பொருளிலும் இரண்டு தொடர்கள் நிற்கின்றன. அடுத்த ஆண்டு, 1949 அக்டோபர் 17 அன்று, அதே காமத் அரசியல் சட்டத்தின் முகப்புரையே கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்றார். சபை தடுமாறியது. கடவுளை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி மன்றாடினார். கடவுள் என்று ஆண்பாலில் சொன்னால் காமரூபத்தின் தேவியை வணங்கும் நாங்கள் எங்கே போவது என்றார் ரோகிணி குமார் சவுதுரி. திருவிதாங்கூரிலிருந்து வந்த பட்டம் தாணு பிள்ளை, தாம் கடவுளை நம்புகிறவர் என்றாலும், இது நம்பிக்கையில் கட்டாயம் ஆகும் என்று எதிர்த்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. அதே சபை, ஓராண்டுக்குள், ஒன்றை ஏற்று ஒன்றை மறுத்தது முரண் அல்ல. உறுதிமொழி ஒரு தனி மனிதரின் வாயிலிருந்து வருவது. அவர் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ தேர்ந்துகொள்ளலாம். முகப்புரை ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று எல்லார் வாயாலும் பேசுவது. அதில் யாரும் தனியாகக் கோட்டுக்குக் கீழே நிற்க முடியாது. இந்த வேறுபாட்டைத்தான் நான் இந்தக் கட்டுரையின் அச்சாகக் கொள்கிறேன்.

தமிழ்நாட்டு அனுபவம் இதை உறுதிப்படுத்துகிறது. 1967 மார்ச் 6 அன்று அண்ணாதுரை அமைச்சரவை உளமார உறுதி கூறிப் பதவி ஏற்றது. அதன் பின் வந்த அ.தி.மு.க. அமைச்சர்கள் பெரும்பாலும் கடவுள் பெயரால் ஏற்றார்கள். 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் மறுபடி உளமார என்றார். அரை நூற்றாண்டுக்கு மேலாக இரண்டு வாசகங்களும் பதவியேற்பு விழாக்களில் மாறி மாறி ஒலித்திருக்கின்றன. அதனால் எந்த ஆட்சியும் கவிழவில்லை, எந்தப் பக்தரும் அவமதிக்கப்பட்டதாக உணரவில்லை. தெரிவு பேசுகிறவரிடம் இருப்பதால் வந்த அமைதி இது. தெரிவு இல்லாத இடங்களில் அமைதி இல்லை. பூமி பூஜையைப் பாருங்கள். ஏரி தூர்வாருவதற்கோ, பேருந்து நிலையம் கட்டுவதற்கோ, பொதுப்பணித்துறையின் செலவில், அதிகாரிகள் முன்னிலையில் ஒரு மதத்தின் சடங்கு நடக்கிறது. 2022 ஜூலையில் தர்மபுரி மாவட்டத்து ஏரி ஒன்றில் அப்படி நடந்தபோது, மற்ற மதத்தவர்கள் எங்கே, மதமே இல்லாதவர்கள் எங்கே என்று அந்தத் தொகுதியின் மக்களவை உறுப்பினர் செந்தில்குமார் அதிகாரிகளைக் கேட்டார். பலர் கொதித்தார்கள். அவர் கேட்ட கேள்வியின் அடிப்படை சரி. அதில் பொதிந்திருந்த தீர்வை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குருக்களோடு பாதிரியாரையும் இமாமையும் அழைத்துவிட்டால், அழைக்கப்படாத ஏரிக்கரை முனியசாமியின் பூசாரி என்ன ஆவார்? சவுதுரியின் தேவி மறுபடி வந்து நிற்பாள். பட்டியல் நீள நீள, விடுபட்டவர்களின் மனத்தாங்கல்தான் நீளும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குஜராத் உயர் நீதிமன்றக் கட்டடத்துக்கே நடந்த பூமி பூஜையை எதிர்த்த பொதுநல வழக்கை அந்த நீதிமன்றம் 2011-இல் தள்ளுபடி செய்து, வழக்குப் போட்டவருக்கு 20,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பூமியைத் தோண்டும் முன் அதனிடம் பொறுத்தருளக் கேட்பது எல்லாருடைய நன்மைக்கும் ஆனது, மதச்சார்பின்மைக்கு முரணானது அல்ல என்பது அந்த வாதத்தின் சாரம். மண்ணிடம் மன்னிப்புக் கேட்கும் அந்த உணர்வின் அழகை நான் மதிக்கிறேன். கடப்பாரையை எடுக்கும் கொத்தனார் தாமாக ஒரு சூடம் ஏற்றினால் அது அவர் வழிபாடு. அலுவலக ஊழியர்கள் தங்கள் கைக்காசில் ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்கினால் அது அவர்கள் மகிழ்ச்சி. ஆனால் அழைப்பிதழில் அரசு முத்திரையோடு அந்தச் சடங்கு ஏறும்போது கொத்தனாரின் பணிவு காணாமல் போய், கும்பினி காலத்துச் சேவகனின் நிழல் விழுகிறது. யாரும் பிரம்பு எடுப்பதில்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்த விழாவுக்குப் பட்டா மனுவோடும் முதியோர் உதவித்தொகை மனுவோடும் வந்து நிற்பவரை எண்ணிப் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் கிரீஸ் என்றோர் ஊர். அதன் ஊராட்சிக் கூட்டம் ஜெபத்தோடு தொடங்குவதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அனுமதித்தது. மாறுபட்ட நீதிபதி எலெனா கேகன் எழுப்பியது இதே கவலை: அரசிடம் ஒரு காரியமாக வருகிறவர் கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ வரவில்லை, குடிமகனாக வருகிறார், அவர் தலை குனியாமல் இருந்தால் அதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தோற்றுப்போன அந்தத் தீர்ப்பே என்னை இணங்க வைக்கிறது. கட்டாயம் பிரம்பில் மட்டும் இல்லை; காரியம் ஆக வேண்டியவனின் பயத்திலும் இருக்கிறது.

மரபைக் காட்டும் இன்னொரு வாதம் 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் பெரிய அளவில் கேட்டது. திருவாவடுதுறை ஆதீனம் 1947 ஆகஸ்டில் நேருவிடம் அளித்த செங்கோல், ஆதீனகர்த்தர்கள் சூழ, கோளறு பதிகம் ஒலிக்க, மக்களவைத் தலைவரின் இருக்கைக்கருகே நிறுத்தப்பட்டது. கோளறு பதிகம் அச்சரப்பாக்கத்தைப் பாடிய அதே சம்பந்தரின் பாடல். தமிழ் டெல்லியில் ஒலித்ததில் மகிழ்ந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் 1947-இல் நடந்ததும் 2023-இல் நடந்ததும் ஒன்றல்ல. ஒரு மடம் தன் வாழ்த்தை ஒரு மனிதரின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது முதலாவது. மடத்துக்கு அந்த உரிமை உண்டு, பெறுகிறவருக்கு மரியாதையாகப் பெற்றுக்கொள்ளும் உரிமையும் உண்டு. எல்லா மதத்தவரும் அமரும் அவையின் நிலையான அடையாளமாக அதை நாட்டியது இரண்டாவது. வாழ்த்துச் சொல்வது மடத்தின் குரல், நாட்டுவது அரசின் குரல். அறநிலையத் துறையையே வைத்துக்கொண்டு தமிழக அரசு அரசையும் மதத்தையும் பிரிப்பது பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அத்துறையின் அதிகாரிகள் இந்துக்களாக இருக்க வேண்டும் என்கிறது. அவர்கள் பார்ப்பது கோயிலின் நிலம், குத்தகை, உண்டியல் கணக்கு. அந்த நிர்வாகத்தில் குறைகள் மண்டிக் கிடக்கின்றன, அது தனிப் பேச்சு. கோயிலுக்குள் அரசு கணக்குப் பார்ப்பது வேறு, அரசு விழாவுக்குள் கோயிலைக் கொண்டுவந்து எல்லாரையும் அதன்முன் நிறுத்துவது வேறு.

என் வாதத்தைக் கொண்டே என்னை மடக்கக்கூடிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. இதுவே எனக்கும் கடினமானது. அரசு விழாக்களில் பாடப்பட்டு வந்த பக்திப் பாடல்களுக்குப் பதிலாக 1970-இல் மனோன்மணியம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்து வந்தது. மூலப்பாட்டில் பரம்பொருளோடு தமிழை ஒப்பிடும் வரிகளும் பிற மொழிகளைச் சுட்டும் வரிகளும் விடப்பட்டன. கடவுள் இருந்த இடத்தில் மொழியைத் தாயாக நிறுத்தியது பெரிய மாற்றம். அது எல்லாரையும் உள்ளே அழைத்தது. சர்ச்சிலும் தர்காவிலும் திடலிலும் நின்று அதைப் பாட எவருக்கும் கூச்சமில்லை. 2021 டிசம்பர் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இது ஒரு வணக்கப் பாடல், நாட்டுப்பண் அல்ல, எழுந்து நின்றாக வேண்டும் என்று ஆணை எதுவும் இல்லை என்றார். 11 நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக அனைவரும் நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தப் பாடலுக்கு நான் மனமுவந்து நிற்பவன். ஆயினும் தமிழையே தாயாக வணங்க முடியாத ஒருவர், தம் மதத்தின் காரணமாகவோ வேறு காரணத்தாலோ, வாய் திறக்காமல் இருக்க விரும்பினால் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் மேலே எழுதிய எதற்கும் பொருள் இல்லை. 1986-இல் கேரளத்தின் பிஜோ இம்மானுவேல் வழக்கில், நாட்டுப்பண்ணுக்கு மரியாதையாக எழுந்து நின்று, பாடாமல் இருந்த யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிற்பது பொது மரியாதை, நாவு அவரவருடையது. அந்த அளவுகோல் நான் நேசிக்கும் பாட்டுக்கும் பொருந்த வேண்டும்.

அச்சரப்பாக்கம் இன்று ஒரு பேரூராட்சி. ஊருக்கு அருகே மலை. மலைமேல் பசுபதீஸ்வரர் கோயில். மழைமலை மாதா திருத்தலத்துக்குத் தொலைவிலிருந்தெல்லாம் கூட்டம் வருகிறது. ஊருக்குள் ஆட்சீஸ்வரர். 2022 மார்ச் 2 அன்று தமிழகம் முழுவதும் நகர்ப்புற உள்ளாட்சி உறுப்பினர்கள் பதவி ஏற்றபோது இப்படிப்பட்ட சிற்றூர்களின் மன்றக் கூடங்களிலும் அதே இரண்டு தொடர்கள் ஏறிய தாள்தான் அவர்கள் கையில் இருந்தது. உத்திரமேரூர்க் குடத்துக்குள் பெயர் எழுதப்படும் தகுதி இல்லாதிருந்த சாதிகளிலிருந்து வந்தவர்களும், பெண்களும், அந்தத் தாளை வாங்கிப் படித்தார்கள். ஒருவர் கடவுள் பெயரைச் சொன்னார். அடுத்தவர் உளமார என்றார். இருவரும் ஒரே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.